பின்கட்டுப் பூதம்

"வேலை கொடு, இல்லாவிட்டால் உன்னையே விழுங்கிவிடுவேன்" என்று மிரட்டிய பூதத்தின் கதையைச் சிறு வயதில் கேட்டிருப்பீர்கள். யஜமானன் சளைக்கவில்லை. கொல்லையில் ஒரு கம்பத்தை நட்டு, "நான் கூப்பிடும் வரையில் இதில் ஏறி இறங்கிக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டான். அந்தப் பூதம் இப்போது கணினிக்குள் குடியேறியிருக்கிறது என்பதை நான் அரியலூரில் தெரிந்துகொண்டேன்.

பெரம்பலூரில் என் மடிக்கணினி சில வாரங்களாகப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் காப்பி குடித்து வந்தால்தான் அது திரையில் தெரியும். "வயதாகிவிட்டது, பழைய இரும்புக் கடையில் போடுங்கள்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அதற்குள் என் நாவலின் பதினெட்டு அத்தியாயங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது! கணினியை மடியில் அணைத்துக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் தமக்கை மகன் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

அவன் முதலில் அத்தியாயங்களுக்குப் பிரதி எடுத்தான். பிறகு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். உள்ளே யார் யார் எவ்வளவு சக்தியைத் தின்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது.

"மாமா, இது சோம்பேறித்தனம் அல்ல, ஓயாத உழைப்பு. ஒரு வீட்டுக்கு இரண்டு காவற்காரர்களை வைத்திருக்கிறீர்களே!"

வைரஸைத் தடுக்க நான் இரண்டு காவல் நிரல்களை ஏற்றியிருந்தேன். ஒருவன் தொட்டதை மற்றவன் சந்தேகித்துச் சோதித்துக்கொண்டிருந்தான். இருவரும் யோக்கியர்கள், குற்றம் என்னுடையதுதான்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் பின்கட்டில் வேலை செய்யும் நிரலுக்கு ஆங்கிலத்தில் பூதம் என்றே பொருள்படும் 'டீமன்' என்ற பெயர் உண்டு. 1867-ல் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி ஒரு கற்பனை செய்தார். பெட்டிக்குள் விரைந்தோடும் துகள்களை ஒரு புறமும் மெதுவானவற்றை மறு புறமும் பிரித்து அனுப்பும் ஒரு சின்னஞ்சிறு வாயிற்காவலன் அது. அதைப் பின்னால் 'மாக்ஸ்வெல் பூதம்' என்றார்கள். 1963-ல் அமெரிக்காவின் மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் அந்தப் பெயரைக் கணினிக்குச் சூட்டினார்கள். கோப்புகளுக்குத் தானாகவே நாடாவில் பிரதி எடுத்து வைப்பதுதான் அவர்களுடைய முதல் பூதத்தின் வேலை. நான் செய்யத் தவறிய அதே வேலை!

பூதம் பெரிதாகத் தடுமாறியது 2013-ல். 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில், புதிய திருத்தங்களைத் தேடும் சேவை உலகெங்கும் யந்திரத்தின் முழுச் சக்தியையும் விழுங்கியது. ஒவ்வொரு திருத்தமும் தனக்கு முந்தியதை ரத்து செய்திருந்தது. ரத்தானவையோ பட்டியலிலேயே கிடந்தன. சேவை பேரன், தகப்பன், பாட்டன் என்று வம்சாவளி முழுவதையும் திரும்பத் திரும்ப விசாரித்தது.

"அரியலூர்க்காரர்களுக்கு இது புரியாதா, மாமா?" என்று சிரித்தான் மருமகன்.

உண்மைதான். திருச்சியிலிருந்து 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. இவ்வூர்ப் பழைய காகிதம் ஒன்றைத் தேடுகிறவன், எந்த ஆண்டில் எந்த ஊர் தலைநகர் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். ரத்தானதை அடித்துவிட்ட பட்டியல் ஒன்று கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம். மைக்ரோஸாப்ட் 2014 ஜனவரியில் செய்ததும் அதுதான். காலாவதியான திருத்தங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பூதம் அடங்கியது.

மருமகன் ஒரு காவற்காரனை மட்டும் விலக்கிவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினான்.

"தெரியாத பெயரையெல்லாம் நிறுத்திவிடாதீர்கள், மாமா. ஒன்றை நிறுத்திப் பார்த்த பிறகுதான் அடுத்தது. நல்ல பூதத்தை விரட்டிவிட்டால் வீடே நடக்காது."

அன்றிரவு பெரம்பலூரில் நாவலைத் திறந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. கணினி தயாராக இருந்தது. பத்தொன்பதாம் அத்தியாயம்தான் வரவில்லை. இனி யார் மேல் பழி போடுவது?