பொதுநூலகங்களில் சிறுவருக்கான இடம்: யாழ்ப்பாணம், சென்னை, மதுரை

தமிழர் வாழ்நிலங்களின் பொதுநூலக வரலாறு பெரும்பாலும் நூல்தொகை, சட்டம், புரவலர் ஆகியவற்றை மையமிட்டே எழுதப்பட்டு வருகிறது. கட்டடத்தினுள் சிறுவருக்கு எவ்விடம், எப்பொழுது ஒதுக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலின் பயன்பாட்டை முன்னிறுத்தும் முதல் விதியின்கீழ் அவர் நூலகத்தின் அமைவிடம், திறந்திருக்கும் நேரம், தளவாடங்கள் ஆகியவற்றை விவாதிக்கிறார். மூன்றாம் விதியிலிருந்து திறந்த அடுக்கு முறையின் தேவையை நிறுவுகிறார். சிறுவர் பகுதிக்கு இவ்விரண்டும் உயிர்நிலை. கைக்கெட்டாத அடுக்கும் சிறுவனுக்குப் பூட்டிய அலமாரியே. 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நூலக வரியின் வாயிலாக நிதிக்கு வழிசெய்தது. அறைக்குள் யார் எங்கே அமர்வது என்பதைக் கட்டட வரைபடமே தீர்மானித்தது.

இவ்வகையில் யாழ்ப்பாணம் குறிப்பிடத்தக்க சான்று. அங்குள்ள பொதுநூலகம் அரங்கநாதனின் ஆலோசனையோடும், சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மனின் வடிவமைப்போடும் எழுந்தது. முதன்மைப் பகுதி 1959இல் திறக்கப்பட்டது. சிறுவர் பகுதியோ 1967இல்தான் திறக்கப்பட்டது. காரணம் எதுவாயினும், 1959இல் ஆறு வயதாயிருந்த குழந்தை 1967இல் பதின்ம வயதை எட்டியிருக்கும். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி மூண்ட தீயில் அந்நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தது.

சென்னையில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் தொடக்கத்திலேயே சிறுவருக்கு இடமளித்தது. ஏறத்தாழ 3,75,000 சதுர அடியில் சிறுவர் பகுதி 15,000 சதுர அடி, அதாவது நூற்றுக்கு நான்கு. அங்குள்ள செயற்கை மரம் வெறும் அலங்காரமன்று. அதனடியில் கூடி அமரலாம் என்பதைக் குழந்தைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 நவம்பரில் அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. குழந்தையின் உடல்நலமும் வாசிப்பும் ஒரே கூரைக்குப் போட்டியிட்ட விந்தை அது. உயர்நீதிமன்றத்தின் தடையால் நூலகம் நிலைத்தது. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவருக்குத் தனிப்பகுதி உண்டு.

எனினும் இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியிலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. பள்ளி முடிந்த மாலையில் ஒரு சிறுமி சென்றுவரும் தொலைவன்று. 1931இலேயே மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஊர்களுக்குக் கொண்டுசென்றார்; தொலைவு என்னும் சிக்கலுக்கு அது விடையாயிற்று, இடம் என்னும் சிக்கலுக்கு ஆகவில்லை. பேரூராட்சிகளின் சிறு நூலகங்களில் நாளிதழ் வாசிப்போர் அமைதியை வேண்டுவர். குழந்தை உரக்க வாசித்தும், வரைந்தும், வினவியும் கற்கும். செயற்கை மரத்தைவிட அங்கு முதலில் தேவைப்படுவது ஓர் இடைச்சுவர், தரையில் பாய், மூன்றடிக்கு மேற்படாத நூலடுக்கு, மாலை ஏழு மணிவரை எரியும் விளக்கு.