செம்பனையும் முள்ளுத் தேங்காயும்: ஒரு தீவின் எண்ணெய் வரலாறு

ஒரு பொருளுக்கு மக்கள் இடும் பெயர், அப்பொருளை அவர்கள் எவ்விடத்தில் எதிர்கொண்டனர் என்பதற்குச் சான்றாகும். ஆவணம் வாய்க்காத உழைப்பாளரின் வரலாற்றுக்குச் சொல்லே ஆவணமாக நிற்பதும் உண்டு. இதனை எண்ணெய்ப்பனை என்னும் ஒரு மரத்தைக் கொண்டு நாம் இங்கு ஆராய்வோம். அம்மரத்தை மலேசியத் தமிழர் 'செம்பனை' என்கின்றனர். இலங்கைத் தமிழர் 'முள்ளுத் தேங்காய்' என்கின்றனர். தமிழகத்தில் பெருவழக்கு பெற்றது மரத்தின் பெயரன்று, நியாயவிலைக் கடை வழியே வீடுதோறும் புகுந்த 'பாமாயில்' என்னும் எண்ணெயின் பெயரே.

மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் சாவகத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. மலாயாவில் நெடுங்காலம் அழகுமரமாக நின்ற பின்னர், 1917இல் சிலாங்கூரில் ஆன்றி போக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை வணிகப் பயிராக்கினார். அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமாரம்'. தமிழ்ச் செவிக்கு அது 'தென்னைமரம்' என்றே ஒலிக்கும்.

எனினும் மலாயாத் தோட்டங்களில் அன்று கோலோச்சியது ரப்பரே. 1896இல் டான் சாய் யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை உருவாக்கினார். ரெம்பியா உள்ளிட்ட அலோர் காஜா வட்டாரத் தமிழர் வாழ்வும் அப்பால்மரத்தைச் சுற்றியே அமைந்தது. 1960களிலிருந்து ரப்பர் விலைச் சரிவும் அரசின் பயிர்மாற்றக் கொள்கையும் சேர்ந்து, பால்மரக் காடுகளைச் செம்பனைக் காடுகளாக மாற்றின.

'செம்பனை' என்பது செம்மை, பனை என்னும் இரு சொற்களின் சேர்க்கை. மலாய் மொழி இம்மரத்தைக் 'கெலாப்பா சாவிட்' என்று தென்னையோடு உறவுபடுத்தியது. அருகிலிருந்த அவ்வழக்கைப் பின்பற்றாமல், மலேசியத் தமிழ் பனையையும் பழத்தின் நிறத்தையும் பற்றிக்கொண்டது. இத்தேர்வின் பொருத்தம் குலை வெட்டியவர்க்கே நன்கு விளங்கும். ரெம்பியாச் சுற்றுவட்டாரத்தில் நாம் தோட்டச் சொற்களைத் திரட்டிய நாளில், முதியவர் ஒருவர், "பழம் செவந்து, கீழ உதிரி கிடந்தாத்தான் குலைய வெட்டணும், காய வெட்டுனா சம்பளத்துல கழிச்சிடுவாங்க" என்றார். நிறத்தை அறிவது கூலியை அறிவதாக இருந்தது.

அச்செம்மை சமையலறை வரை வருவதில்லை. ஆலையில் பிழியப்படும் எண்ணெய் கரோட்டின் நிறமியால் செந்நிறமாகவே இருக்கும். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அதனை அந்நிறத்தோடே சமைத்து உண்கின்றனர். நம் கடைகளுக்கு வருவதோ நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரித்து, உறையும் பகுதியைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் பொன்மஞ்சள் எண்ணெய். அரசு உதவித்தொகையோடு 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கும் ஒரு கிலோ பொட்டலத்தை வாங்குவோர் சிவப்பைக் காண்பதே இல்லை. பெயரில் மட்டுமே அது நிலைத்திருக்கிறது.

இனி இலங்கைக்குச் செல்வோம். அங்கு 1968இல் காலி மாவட்டத்து நாக்கியாதெனியத் தோட்டத்தில் இம்மரம் வணிகப் பயிராகத் தொடங்கியது. சிங்களத்தில் அதன் பெயர் 'கட்டுப்பொல்'. 'கட்டு' முள், 'பொல்' தேங்காய். தமிழ் வழக்கும் அதனோடு ஒத்து அமைந்தது. மட்டையிலும் குலையிலும் உள்ள முள், வெட்டுவோர் கையில் குத்துவது; இது தோட்டத்தின் அனுபவம். தேங்காய் என்பதோ அடுப்படியின் அளவுகோல். புதிய மரம் எதுவாயினும் அதனைத் தென்னையோடு வைத்தே அத்தீவு எண்ணிப் பார்த்தது.

அதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கோடித் தேங்காய்கள் விளைகின்றன. அவற்றில் பெரும்பங்கு பாலாகவும் சம்பலாகவும் வீட்டுச் சமையலிலேயே செலவாகிறது. எஞ்சியதில் ஏற்றுமதிக்கும் ஒரு பகுதி போவதால், எண்ணெய் ஆட்டக் கிடைப்பது போதவில்லை. அக்குறையை நிரப்பியது இறக்குமதிப் பாமெண்ணெய். ஒரு ஹெக்டர்த் தென்னை 1 டன்னுக்கும் குறைவான எண்ணெய் தரும். செம்பனையோ 3 முதல் 4 டன் தரும். அதன் விலை மலிவு இவ்விளைச்சலின் விளைவே.

2021 ஏப்ரலில் இலங்கை அரசு பாமெண்ணெய் இறக்குமதியையும் புதிய நடவையும் தடைசெய்தது. நிற்கும் மரங்களையும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக அகற்றுமாறு பணித்தது. மக்கள் நலமும் சுற்றுச்சூழலும் காரணங்களாகக் கூறப்பட்டன. நீரூற்றுகள் வற்றுவதாகத் தோட்டங்களை அடுத்த சிற்றூரார் முன்பே முறையிட்டு வந்தனர். ஆனால் வெதுப்பகங்களும் இனிப்பு, பிஸ்கட் தொழில்களும் அவ்வெண்ணெயையே நம்பியிருந்தமையால், உரிமத்தின் பேரில் தொழில்துறைக்கு விரைவிலேயே இறக்குமதி அனுமதிக்கப்பட்டது. மறு ஆண்டு அந்நியச் செலாவணி வற்றிய நெருக்கடியும், இந்தோனேசியா ஏப்ரல் இறுதியில் விதித்துச் சில வாரங்களில் நீக்கிய ஏற்றுமதித் தடையும், அயலார் எண்ணெயை நம்பி வாழும் நாட்டின் நிலையை உணர்த்தின.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தடை பற்றிய வாதங்களில் எண்ணெயின் கணக்கே ஓங்கி ஒலித்தது. முள்ளில் கை வைத்தவரின் பிழைப்பு என்னாகும் என்னும் வினா தாழ்ந்தே ஒலித்தது. ஆயினும் 'முள்ளுத் தேங்காய்' என்னும் சொல் இரண்டையும் ஒருங்கே சொல்கிறது: முள் உழைப்பைச் சொல்லும், தேங்காய் உணவைச் சொல்லும். ஒரு நாட்டின் உணவுக் கொள்கை இவற்றுள் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் காணுமாயின், அது பாதி உண்மையையே காண்கிறது.

நம் நாட்டிலும் மறதி தொடங்கிவிட்டது. பால்வெட்டுக்குக் குடும்பமே வேண்டியிருந்தது; செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. தமிழர் லயங்களை விட்டு நகரம் சேர்ந்தனர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல மாணவரின்றிச் சுருங்கின. இன்று குலை வெட்டுவோரில் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். 'செம்பனை' என்னும் சொல் பாடநூலில் இருக்கிறது. 'உதிரி' போன்ற களச்சொற்களோ, அவற்றை வழங்கிய முதியோரோடு மறையும் நிலையில் உள்ளன.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இது. மாணவர் 'முள்ளுத் தேங்காய்' என்றோ 'பாமாயில்' என்றோ எழுதினால் பிழையென அடித்துவிடாதீர்கள்; அச்சொல் எங்கிருந்து வந்ததென்று கேளுங்கள். மாணவர்களே, தோட்டத்தில் உழைத்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருப்பின், குலை, மட்டை, முள் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் வழங்கும் சொற்களை அவர்கள் சொன்னவாறே எழுதி வையுங்கள். ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலத்தின் மீது அவர்களின் வரலாறு அச்சிடப்படுவதில்லை. அது அவர்கள் சொல்லில் இருக்கிறது.