உலர்காளானும் ருஷ்யக் குடியானவர் அடுப்பும்

காளானை விரும்பி உண்ணும் மக்களினங்கள் உள. அதனை அஞ்சி ஒதுக்கும் மக்களினங்களும் உள. இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தோருள் வலன்ரீனா வாசன், கோர்டன் வாசன் தம்பதியர் குறிப்பிடத்தக்கவர். ருஷ்யாவிற் பிறந்த வைத்தியரான மனைவி, 1927ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கற்ஸ்கில் மலைக்காட்டிற் காளான்களைக் கண்டு மகிழ்ந்து பறித்தார். அமெரிக்கரான கணவரோ நஞ்சென அஞ்சி உண்ண மறுத்தார். இந்நிகழ்ச்சியே 1957இல் வெளிவந்த 'காளான்களும் ருஷ்யாவும் வரலாறும்' என்னும் அவர்களது நூலுக்கு வித்தாயிற்று. இவ்விருப்பு வெறுப்புகளின் வேரை அவர்கள் புராதன சமய உணர்வுகளிலே தேடினர். ஆயின், ருஷ்யக் குடியானவர் ஆண்டுதோறும் காட்டுக்காளானை உலர்த்திச் சேமித்தமைக்குக் காரணம் காண அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நோன்பு, உப்பு, காடு ஆகிய மூன்றுமே அதனை விளக்கப் போதியன என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

988ஆம் ஆண்டளவில் கீவ் அரசன் விளாடிமிர் பைசாந்தியக் கிறித்தவத்தை ஏற்றதோடு, அத்திருச்சபையின் நோன்பு முறையும் அந்நாட்டிற் புகுந்தது. நோன்பு நாட்களை ஒருங்கே கூட்டின் அவை ஆண்டின் அரைவாசியை அண்மும். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை என்பன விலக்கப்பட்டன. பல நாட்களில் மீனும் விலக்கப்பட்டது. பெருநோன்போ உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஏழு வாரங்களில், பச்சை மரக்கறி கிடைத்தற்கரிய காலத்தில் வருவது. அப்போது குடியானவன் நம்பியிருந்தவை தானியமும், புளிக்கவைத்த கோவாவும், உலர்காளானுமே.

உணவைப் பேணுதற்கு உப்பிடுதல் ஒரு வழி. ஆனால் உப்பைப் பணங்கொடுத்தே பெறவேண்டும். 1646இல் சார் அரசு உப்பின்மீது விதித்த வரி மக்களைப் பெரிதும் வருத்தியது. அவ்வரி நீக்கப்பட்ட பின்னரும் தணியாத சினம் 1648இல் மொஸ்கோவில் உப்புக் கலகமாக வெடித்தது. பால் கசியும் காளானினங்களை உப்பிட்டே பேணினர். குடையின் கீழ் நுண்துளைகளையுடைய இனங்களுக்கோ உப்பு வேண்டியிருக்கவில்லை. அடுப்பின் எஞ்சிய வெப்பமே போதுமாயிருந்தது. இலையுதிர்காலத்திற் பறித்தவற்றை நீரிற் கழுவாது துடைத்து, நூலிற் கோத்து, பாண் சுட்டு முடிந்தபின் தணிந்துவரும் சூட்டில் உலர்த்தினர். சூடு மிகின் காளான் வெந்து கருகும்; குறையின் பூஞ்சணம் பிடிக்கும். பத்து இறாத்தற் பச்சைக் காளான் உலர்ந்து ஏறத்தாழ ஓர் இறாத்தலாகும். உலர்ந்த பின்னும் வெண்மை மாறாத சிறந்த இனத்தை 'வெள்ளைக் காளான்' என்றே வழங்கினர்.

சமையலில் உலர்காளானைவிட அது ஊறிய நீரே பெரிதும் மதிக்கப்பட்டது எனலாம். கபில நிறமான அந்நீரை, மணல் அடியிற் படியவிட்டு வடித்து, அதிலேயே பார்லியையோ கோவாவையோ வேகவைத்தனர். குளூற்றாமிக்கமிலம் முதலிய பொருள்கள் அந்நீருக்கு இறைச்சிச் சாற்றின் சுவையை ஒத்த சுவையை அளித்தன. இறைச்சி விலக்கப்பட்ட வீட்டில் அச்சுவையின் பெறுமதி சொல்லாமலே விளங்கும்.

1861ஆம் ஆண்டில் எலேனா மொலொகோவெற்ஸ் வசதிபடைத்த இல்லத்தரசியருக்கென எழுதிய புகழ்பெற்ற சமையல் நூல் வெளிவந்தது. நோன்புக்கால உணவுகளுக்கு அதிலே தனியிடம் உண்டு. அதே ஆண்டிலேயே பண்ணையடிமை முறையும் ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்ற குடியானவன் தன் துண்டு நிலத்துக்கு மீட்புப் பணம் செலுத்த வேண்டியவனானான். காடுகளிற் பெரும்பகுதி நிலப்பிரபுக்களிடமே எஞ்சியது. செல்வர்க்கு நோன்பு ஒரு நியமம். வறியவனுக்கோ ஏனைய நாட்களும் நோன்பு நாட்களே. ஒரே காளான் இருவர் மேசையிலும் இருவேறு பொருள் கொண்டது.

காட்டை உடைமையாகப் பெறாத மக்கள் அக்காட்டைப் பற்றிய அறிவைத் தமதாக்கிக் கொண்டனர். கொடிய நஞ்சுக்காளானின் நஞ்சு உலர்த்தினும் அழியாது, அவிப்பினும் அழியாது. ஆதலின் நிறத்தாலும் மணத்தாலும் நல்லதைத் தெரியும் ஆற்றல், தாய் பிள்ளைக்கு அளித்த உயிர்க்காப்பாயிற்று. 1986 ஏப்பிரில் 26ஆம் நாள் உக்ரேயினின் செர்னோபில் அணுவுலை வெடித்தபோது அவ்வறிவு முதன்முறையாகத் தோற்றது. பெலருஸ், உக்ரேயின், மேற்கு ருஷ்யா ஆகிய பகுதிகளின் காடுகளிற் படிந்த சீசியம்-137ஐக் காளான்கள் உறிஞ்சின. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உலர்த்துதல் அதனை நீக்காது. நீர் வற்ற வற்ற அது மேலும் செறிவடையும். ஊறவைத்து அவித்தால் அதிற் பெரும்பகுதி நீரிலே கரைந்து வெளியேறும். எனவே, அந்நீரை ஊற்றிவிட்டே சமைக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

நோன்பும் உப்பு வரியும் நிலப்பிரபுவும் பறிக்க இயலாத சுவையைக் குடியானவப் பெண்கள் அந்நீரிலேதான் காத்து வைத்திருந்தனர். துளியும் சிந்தாது வடித்தெடுத்த அதனை, அவர்தம் பேர்த்திமார் வாசலிற் கொட்ட வேண்டியதாயிற்று. அணுவுலை விபத்தின் இழப்புகளைக் கணக்கிடுவோர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.