மகப்பேற்று அனுபவம்

மகப்பேற்று அனுபவம் என்பது ஒரு பெண் தனது குழந்தைப்பேற்றின்போது உடலாலும் உள்ளத்தாலும் உணர்வதையும், பின்னாளில் அதனை நினைவுகூரும் விதத்தையும் குறிக்கும். தாயும் சேயும் நலமாக இருந்தால் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று கொள்வதே மருத்துவத்தில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. எனினும், மருத்துவக் குறிப்பேட்டில் சுகப்பிரசவம் என்று பதிவான ஒன்றை அப்பெண் பல ஆண்டுகள் அச்சத்துடன் நினைப்பதும், அவசர அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற மற்றொருவர் அதனை மனநிறைவுடன் நினைப்பதும் உண்டு. இந்த வேறுபாட்டிற்கான காரணிகள் 1970களில் இருந்து விரிவாக ஆராயப்பட்டு வருகின்றன. உலக சுகாதார அமைப்பு 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில், உயிர் காத்தலுடன் நல்ல அனுபவமும் பராமரிப்பின் குறிக்கோளாகச் சேர்க்கப்பட்டது.

வலியும் மனநிறைவும்

மகப்பேற்று அனுபவத்தைத் தீர்மானிப்பது வலியின் அளவே என்பது பொதுவான நம்பிக்கை. மயக்க மருந்துகளின் வரலாறும் இந்நம்பிக்கையின் மேல் எழுந்ததே. எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847 இல் பிரசவத்தில் குளோரோஃபார்மைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1853 இல் விக்டோரியா அரசி தமது எட்டாவது பிரசவத்தில், ஜான் சுனோ என்ற மருத்துவரின் மேற்பார்வையில் அதனை ஏற்றுக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் ஃபிரைபூர்க் நகரில் "அந்திமயக்கம்" என்ற முறை புகழ்பெற்றது. மார்பீனும் சுகோபொலமினும் கலந்து தரப்பட்ட இம்முறை வலியை முழுமையாக நீக்கவில்லை. வலியின் நினைவையே பெரிதும் நீக்கியது. பெண்கள் அலறினர், சிலர் கட்டிலோடு கட்டப்பட்டனர், பின்னர் எதுவும் நினைவில்லாமல் எழுந்தனர். நினைவில் இல்லாத துன்பம் துன்பமாகுமா என்ற கேள்வியை இம்முறை அன்றே எழுப்பியிருக்க வேண்டும்; ஆனால் பல பத்தாண்டுகள் எவரும் அதனைப் பெரிதாகக் கேட்கவில்லை.

கனடாவைச் சேர்ந்த செவிலியர் ஆய்வாளர் எலன் ஹாட்னெட் 2002 இல் வெளியிட்ட ஆய்வு மீளாய்வு இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஒன்றாகும். 137 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து நோக்கிய அவர், மனநிறைவை நான்கு காரணிகள் முதன்மையாகத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். பெண்ணின் சொந்த எதிர்பார்ப்புகள், பராமரிப்பாளர்களிடம் இருந்து கிடைக்கும் ஆதரவின் அளவு, அவர்களுடனான உறவின் தன்மை, முடிவெடுப்பதில் பெண்ணுக்குள்ள பங்கு என்பனவே அவை. இவற்றின் முன்னே வயது, பொருளாதார நிலை, இனம், பிரசவ அறையின் வசதி, ஏன் வலியும்கூடப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. வலி முக்கியமன்று என்பது இதன் பொருளன்று. கேட்டும் வலிநிவாரணம் மறுக்கப்படும்போது அனுபவம் மிகவும் மோசமாகிறது. ஆனால் அங்கே மறுப்பும் வலியைப் போலவே புண்படுத்துகிறது.

எதிர்பார்ப்பும் அச்சமும்

ஆங்கிலேய மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1933 இல் வெளியிட்ட நூலில் அச்சம், இறுக்கம், வலி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி என்று விளக்கினார். இதற்கு உடலியல் அடிப்படை ஓரளவு உண்டு. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீரின் செயலுக்கு, அச்சத்தின்போது மிகுதியாகச் சுரக்கும் அட்ரினலின் தடையாக அமையக்கூடும். பிரான்சில் ஃபெர்னான் லமாஸ், சோவியத் ஒன்றியத்தில் கண்ட பயிற்சிகளைத் தழுவி, 1950களில் மூச்சுப் பயிற்சி முறையைப் பரப்பினார்.

இவ்வியக்கங்களுக்கு மறுபக்கமும் உண்டு. அச்சமின்றி இருந்தால் வலியும் இராது என்று கற்பிக்கப்பட்ட பெண், வலி வந்தபோது தன்னையே குறைகூறிக்கொள்ள நேர்ந்தது. எதிர்பார்ப்பு உயர்வாக இருப்பது தீமை என்பதைவிட, நிகழக்கூடியவை பற்றி உண்மையான தகவல் கிடைக்காததே தீமை என்று கூறுவது பொருத்தமாகும். கருத்தரிப்பதையே தவிர்க்கும் அளவுக்குப் பிரசவத்தை அஞ்சும் நிலைக்கு டோக்கோபோபியா என்ற பெயர் 2000 ஆம் ஆண்டில் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றது.

உடனிருப்பவர்

மிகத் தெளிவான சான்று உள்ள காரணி, பிரசவத்தின்போது இடைவிடாது உடனிருக்கும் ஒருவரின் ஆதரவாகும். குவாத்தமாலாவில் நடத்தப்பட்டு 1980 இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறியாத ஒரு பெண் உடனிருந்து முதுகைத் தடவி, கையைப் பிடித்து, பேசிக்கொண்டிருந்தார். சிக்கலின்றி ஈன்றோரிடையே, துணை பெற்றவர்களுக்குப் பிரசவ நேரம் சுமார் 9 மணியாகவும், பெறாதவர்களுக்குச் சுமார் 19 மணியாகவும் இருந்தது. ஆய்வு சிறியது என்பதால் இவ்வளவு பெரிய வேறுபாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதே ஆய்வுக்குழு நடத்தி 1991 இல் வெளியிட்ட ஆய்வு மேலும் சுவையானது. ஒரு குழுவுக்குத் துணைப்பெண் இருந்தார். மற்றொரு குழுவின் அறையில், எதுவும் பேசாமல் ஒதுங்கி அமர்ந்து குறிப்பெடுக்கும் ஒருவர் மட்டும் இருந்தார். மூன்றாவது குழுவுக்கு எவரும் இல்லை. அறுவைச் சிகிச்சை முறையே 8, 13, 18 விழுக்காட்டினருக்கும், முதுகுத்தண்டுவழி மயக்கமருந்து ஏறத்தாழ 8, 23, 55 விழுக்காட்டினருக்கும் தேவைப்பட்டன. பேசாத ஒருவர் அறையில் இருப்பதுகூட மாற்றத்துடன் தொடர்புற்றிருந்தது.

2017 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உட்படுத்திய சோதனைகளைத் தொகுத்தது. தொடர் ஆதரவு பெற்றோருக்கு இயல்பான பிரசவம் மிகுதியாகவும், அறுவைச் சிகிச்சையும் வலிநிவாரணிகளும் குறைவாகவும் இருந்தன. பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடங்கள் குறைந்தது. தம் பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்ந்தோரும் குறைவு. இவ்வளவு சிறிய செலவில் இத்தனை பலன் தரும் முறை மருத்துவத்தில் அரிது.

இருப்பினும் பல நாடுகளின் பொது மருத்துவமனைகளில் உறவினர் பிரசவ அறைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். ஒரே கூடத்தில் திரையின்றிப் பல கட்டில்கள் இருப்பதும், நோய்த்தொற்று பற்றிய அச்சமும், பணியாளர் செயல்களைப் பிறர் காண்பதில் உள்ள தயக்கமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிரேசில் 2005 இல் துணைவர் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைவர் திட்டம் 2000களின் நடுப்பகுதியில் அறிமுகமானது. இந்திய நடுவண் அரசு 2016 இல் நாடு முழுவதும் அரசு மருத்துவ நிலையங்களில் பெண் துணைவரை அனுமதித்தது.

பணியாளரின் நடத்தை

திட்டுதல், அடித்தல், ஒப்புதலின்றிச் செயல்படுதல், கவனியாது விடுதல் ஆகியன பிரசவ அறைகளில் நிகழ்வது நெடுங்காலம் பேசப்படாத செய்தியாகவே இருந்தது. வெனிசுவேலா 2007 இல் மகப்பேற்று வன்முறையைச் சட்டத்தில் வரையறுத்தது. உலக சுகாதார அமைப்பு 2014 இல் இதற்கெதிரான அறிக்கையை வெளியிட்டது.

கானா, கினி, மியான்மர், நைசீரியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்து 2019 இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், நேரடியாகக் கண்காணிக்கப்பட்ட 2,016 பெண்களுள் 838 பேர் உடல்வழியாகவோ சொல்லாலோ துன்புறுத்தலையோ இழிவுபடுத்தலையோ சந்தித்தனர். குழந்தை பிறப்பதற்கு 30 நிமிடங்களுக்கு முன்பிருந்து, பிறந்த 15 நிமிடங்கள் வரையான நேரத்தில் இது உச்சத்தில் இருந்தது. பிறப்புவாய் வெட்டு செய்யப்பட்டவர்களுள் நான்கில் மூவரிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. இளம்வயதினரும் கல்வி குறைந்தோருமே அதிகம் பாதிக்கப்பட்டனர். பணியாளர் பற்றாக்குறை ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் அது அவசரத்தை விளக்குமேயன்றி, அடியை விளக்காது.

நிலையும் தலையீடுகளும்

மல்லாந்து படுத்து ஈனும் நிலை மருத்துவருக்கு வசதியானது. பிரசவத்தின் முதற்கட்டத்தில் நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் அக்கட்டத்தை ஒரு மணிக்கும் சற்று மேலாகக் குறைப்பதாக 2013 இல் வெளியான மீளாய்வு காட்டியது. கருப்பைவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்ற பழைய அளவுகோலை எல்லாப் பெண்களுக்கும் பொருத்துவது சரியன்று என 2018 பரிந்துரைகள் கூறின. இவ்வளவுகோலின்படி தாமதம் என்று முடிவு செய்யப்பட்டு, தேவையின்றி மருந்து ஏற்றப்பட்ட பெண்கள் பலர்.

திட்டமிடாத அறுவைச் சிகிச்சையும் ஆயுதப் பிரசவமும் கசப்பான அனுபவத்துடன் அடிக்கடி தொடர்புறுகின்றன. காரணம் விளக்கப்பட்டு, பெண்ணின் ஒப்புதலும் பெறப்பட்டிருந்தால் இத்தொடர்பு தளர்கிறது.

தமிழ்நாட்டில்

தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கமும், அதற்கு முன்னோடியான வளைகாப்பும் பெண்ணுக்குப் பழகிய மனிதரின் துணையை உறுதி செய்தன. மருத்துவச்சியின் கையில் நடந்த பிரசவங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவமனைக்கு மாறின. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019-21 இல் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அறுவைச் சிகிச்சை 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 விழுக்காடு.

அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 1990களில் சென்னையிலும் அதன் அருகிலும் மேற்கொண்ட களப்பணியின் அடிப்படையில் 2003 இல் ஒரு நூலை வெளியிட்டார். ஏழைப் பெண்கள் பலர் வலியைக் குறைக்கும் மருந்தை அன்று, வலியைக் கூட்டி விரைவில் ஈனச் செய்யும் ஊசியையே விரும்பிக் கேட்டதை அவர் பதிவு செய்துள்ளார். வலி தாங்குதல் பெண்ணின் சக்தியோடு இணைத்துப் பேசப்பட்டது. வலி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை என்ற பொருளும் உண்டு என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதே பெண்கள் மருத்துவமனைகளில் ஏச்சையும், கையூட்டுக் கேட்பதையும், தம் விருப்பமின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்படுவதையும் வெறுத்தனர். மேலைநாட்டு ஆய்வுகளின் கேள்வித்தாளை அப்படியே இங்கு பயன்படுத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை இது காட்டுகிறது.

நினைவும் பின்விளைவும்

பிரசவம் முடிந்த உடனேயே கேட்டால் பெண்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது என்கின்றனர். குழந்தை பிழைத்த நிம்மதியும், மருத்துவமனைக்குள்ளேயே கேட்கப்படுவதும் இதற்குக் காரணமாகலாம். குறைகள் சில மாதங்களுக்குப் பின்னரே வெளிப்படுகின்றன. அமெரிக்கப் பிரசவக் கல்வியாளர் பென்னி சிம்கின் 1991 இல் வெளியிட்ட சிறு ஆய்வில், 15 முதல் 20 ஆண்டுகள் கழிந்த பின்னும் பெண்கள் செவிலியர் சொன்ன சொற்களைக்கூடத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தனர்.

பிரசவத்திற்குப் பின் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் நோய் பொதுவாக 4 விழுக்காட்டினருக்கும், சிக்கலான கருவுறுதல் முதலியவற்றை எதிர்கொண்ட குழுக்களில் 18.5 விழுக்காட்டினருக்கும் ஏற்படுவதாக 2017 இல் ஒரு மீளாய்வு மதிப்பிட்டது. இதனைத் தடுக்க, பிரசவத்தில் நடந்ததைப் பற்றி வீடு திரும்புமுன் தாயுடன் பேசும் முறை சில நாடுகளில் முயலப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் அறுவை அல்லது ஆயுதப் பிரசவம் கண்ட 1,041 பெண்களிடம் நடத்தப்பட்டு 2000 இல் வெளியான சோதனையில், ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வை அம்முறை குறைக்கவில்லை. எனினும் அவ்வாறு பேசக் கிடைத்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது பயனுடையதாக இருந்ததாகவே கூறினர்.