ஊருக்கு மட்டுமா உபதேசம்?

திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிறித்தவச் சேரிகளில் 'உபதேசியார்' என்பது பழகிய பெயர். பாதிரியார் எப்போதாவது வந்து போவார். செபம் சொல்லிக் கொடுத்தவர், பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தவர், சாவு வீட்டில் முன்னால் நின்றவர் உபதேசியார்தான்.

ஆங்கிலத்தில் இவரை 'கேட்டகிஸ்ட்' என்பார்கள். வேர் கிரேக்கச் சொல். காதில் ஒலிக்கும்படி வாய்மொழியாகக் கற்பிப்பது என்று பொருள். எதிரொலியைக் குறிக்கும் 'எக்கோ'வும் இதே வேரில் பிறந்ததுதான். ஏடு மறுக்கப்பட்ட நம் மக்களுக்கு, குரலால் கல்வி கொடுப்பவர் என்ற இந்தப் பெயரின் அருமை நன்றாகவே புரியும்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. கற்றுக்கொள்பவர் தம் நன்மைகளைக் கற்பிப்பவரோடு பகிர வேண்டும் என்கிறார். அதே கடிதத்தில் ஒரு பந்திச் சண்டையும் இருக்கிறது. அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார்.

அந்தச் சண்டை நம் மண்ணிலும் நடந்தது. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் விரைவிலேயே திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தது. 1847இல் அந்த மிஷன் தன் ஊழியர்களிடம் ஒன்று கேட்டது: எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ணத் தயாரா? பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள். அவர்கள் வேலையிழந்தார்கள். எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பிரசங்கித்த வாய், நம் அடுப்பில் வெந்த சோற்றுக்குத் திறக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

வெள்ளைக்காரப் பாதிரிகளை நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. பந்தியில் சமம் கேட்டவர்கள் நிலத்தில் சமம் கேட்டார்களா என்ற கேள்வி நமக்கு உண்டு. ஆனால் 1847 ஒரு சாட்சியம்.

ஏனென்றால், தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியினராக 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை ஏற்கவில்லை. சீக்கியரான தலித்துகளுக்கு 1956இலும் பௌத்தரானவர்களுக்கு 1990இலும் கதவு திறந்தது. நம்மவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்கு உரிமை என்கிறார்கள்.

சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிட்டதென்றால், ஞானஸ்நானம் பெற்ற உபதேசியார்கள் எதைக் காப்பாற்ற வேலையை விட்டார்கள்? தனிக் கல்லறைகள் இன்று எதைக் காக்கின்றன? இதற்குப் பதில் சொல்லிவிட்டு நமக்கு உபதேசிக்கட்டும்.