பாளையம்
தென்கொரியாவிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தைச் செய்திகள் 'முகாம்' என்கின்றன. அது அரபுச் சொல்; அதன் முதற்பொருள் 'நிற்குமிடம்'. இன்று கண் சிகிச்சைக்கும் முகாம்தான். படை தங்குமிடத்துக்குத் தமிழில் 'பாளையம்' உண்டு; படை வந்து கூடாரமடிப்பது 'பாளையம் இறங்குதல்'. பிறகு அச்சொல் பாளையக்காரரின் ஆட்சிப்பகுதியைக் குறித்தது. அரியலூரும் உடையார்பாளையமும் அப்படிப்பட்டவை. கடைசியில் வெறும் ஊர்ப்பெயராய் நின்றது.

பெரம்பலூர்ப் பக்கம் அந்நியப் படை பாளையம் இறங்கியதும் உண்டு. ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்கு இருவர் உரிமை கோரி நாடு பிளந்தபோது, 1751இல் வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்காக ஆங்கிலேயரும் பொருதனர். முகமது அலி நவாபானார், ஆங்கிலேயப் படை திரும்பவில்லை. 1801இல் ஆட்சியே ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போயிற்று. கொரிய இணைப்புப் பேச்சிலும் அந்நியப் படை விலகுமா என்பது பெரிய சிக்கல். சிலநாள் முகாமைவிட, இறங்கித் தங்கிவிட்ட படைக்குப் பாளையமே பொருந்தும். 'பாசறை'யும் நல்ல சொல்தான். அதைக் கட்சிகள் எடுத்துக்கொண்டன.