சந்திரசேகரரின் கடற்பிரயாணம்

கொட்டியாற்றுக் குடாவின் தென்புறத்தே தோப்பூர், மூதூர் முதலிய ஊர்களில் வாழ்ந்த மாணாக்கர் திருக்கோணமலை நகரிற் கற்க விரும்பின், நெடுங்காலம் மூதூர்த் துறையிற் படகேறிக் குடாவைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. இக்கரையிலே கண்கலங்கி நிற்கும் தாய், அக்கரையிலே இடமுண்டோ இல்லையோ என்று தெரியாத பாடசாலை, இவ்விரண்டையும் நோக்க இடையிலுள்ள நீர் அத்துணைக் கடினமானதன்று என்பதை அவ்வூரார் நன்கறிவர். 1930ஆம் ஆண்டிலே, இதனினும் பன்மடங்கு பெரிய கடலைக் கடந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்ற ஒரு தமிழ் இளைஞரின் வரலாறும் இத்தகையதே. அவரே பிற்காலத்தில் வானியலறிஞராய் உலகப் புகழ் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரர்.

அவர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி லாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதக் கணக்குத் துறையில் உயர் அலுவலர். சிறிய தந்தையார் சேர் சி. வி. இராமன். குடும்பத்திற் பிறந்த பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் உயர்கல்லூரியிற் பயின்றவரல்லர். ஆயினும் இப்சன் என்னும் நோர்வே நாட்டு ஆசிரியரின் 'பொம்மை வீடு' என்ற நாடகத்தைத் தமிழிலே பெயர்த்த அறிவுடையார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரலிற் கணிதமேதை இராமானுஜன் காலமான செய்தியைப் பத்திரிகையிற் கண்டு, பத்து வயது நிரம்பாத மகனுக்கு எடுத்துக் கூறியவரும் அவரே. மகன் இந்தியக் குடிமைப் பணியிற் சேர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனுடைய நாட்டம் எங்கே செல்கின்றதோ அங்கே அவனை விட்டுவிட வேண்டும் என்பது தாயாரின் கொள்கை.

சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்தபோது, 1928இல், ஜெர்மானியப் பேரறிஞர் சோமர்பெல்டு அங்கு வந்தார். அவருடைய நூலைத் தாமாகவே கற்றிருந்த சந்திரசேகரர், விருந்தினர் விடுதிக்கே சென்று அவரைக் கண்டார். நூலைக் கற்றேன் என்று பெருமிதத்தோடு கூறிய இளைஞருக்குக் கிடைத்த மறுமொழி வியப்பானது. அந்நூல் எழுதப்பட்ட பின்னர்ப் பௌதிகமே மாறிவிட்டது என்று அறிஞர் கூறி, தம்முடைய புதிய கட்டுரையின் அச்சுப்படிகளைக் கையிற் கொடுத்தார். வேறொருவராயின் மனஞ் சோர்ந்திருப்பர். இவரோ அப்படிகளைக் கற்று, அடுத்த ஆண்டிலேயே இலண்டன் ரோயல் சொசைற்றியின் வெளியீட்டிற் சொந்தக் கட்டுரை ஒன்றை அச்சேற்றினார். அதனை அங்கே அறிமுகஞ் செய்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌலர். இவ்வாறு மாணவர் செல்லுமுன்னரே அவருடைய எழுத்து கடலைக் கடந்துவிட்டது.

1930இல் மேற்படிப்புக்கான அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. பணத்தடை நீங்கிய அவ்வேளையிலே வேறொரு தடை எழுந்தது. தாயார் கொடிய நோயிற் கிடந்தார். மூன்றாண்டுகள் பிரிந்து சென்றால் மீண்டும் அவரைக் காணுதல் அரிது என்பது வீட்டிலுள்ள யாவர்க்கும் தெரிந்திருந்தது. நோயுற்ற தாயை விட்டு மூத்த மகன் கப்பலேறுதல் தகுமா என்ற கேள்வி எழாத தமிழ்க் குடும்பம் உண்டோ? இக்கேள்விக்கு விடையளித்தவர் படுக்கையிற் கிடந்த தாயாரே. செல்லத்தான் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இராமானுஜன் பிரயாணப்பட்டபோது கடல் கடத்தலாகாது என்ற ஆசாரம் தடையாய் நின்றது. பதினாறு ஆண்டுகளில் அத்தடை பெரிதும் தளர்ந்துவிட்டது. பாசம் என்னும் தடையோ எக்காலத்துக்கும் உரியது.

ஜூலை 31ஆந் திகதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'பில்ஸ்னா' என்னும் இத்தாலியக் கப்பல் புறப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலம், அரபிக்கடல் கொந்தளித்தது. ஏடன் துறைமுகத்தைக் கடந்த பின்னரே கடல் அமைதியுற்றது. பத்தொன்பது வயது இளைஞர் தளத்திலே அமர்ந்து தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிடத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் வெண்குறுமீன்கள். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே சுருங்கி, ஞாயிற்றை ஒத்த பொருண்மையைப் பூமியளவான உருவத்தில் அடக்கிக்கொள்கின்றது. அது மேலும் நொறுங்காமல் தாங்கி நிற்பது இலத்திரன்களின் அழுக்கமே என்று பௌலர் 1926இல் விளக்கியிருந்தார். சந்திரசேகரர் கேட்ட கேள்வி எளியது. அத்தகைய மீனின் நடுவிலே இலத்திரன்கள் எவ்வளவு விரைவாக ஓடுகின்றன? கணக்கிட்டபோது அவ்விரைவு ஒளியின் விரைவை நெருங்கியது. அங்ஙனமாயின் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் கருத வேண்டும். கருதியவிடத்து, பொருண்மை மிகமிக அழுக்கத்தின் தாங்கும் வலி போதாமற் போயிற்று. ஓர் எல்லைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாய் ஓய்ந்திருத்தல் இயலாது என்ற முடிவு பிறந்தது. ஞாயிற்றைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படும் அவ்வெல்லைக்குச் 'சந்திரசேகர் எல்லை' என்பதே பெயர். மேற்பார்வையாளரும் நூலகமும் இல்லாத கப்பலிலே இது நிகழ்ந்தது. ஒருவேளை அவ்விரு கரைகளும் அவரை விட்டிருந்த நாள்கள் அவைதாமோ!

ஆகஸ்டு 19ஆந் திகதி இலண்டன் சேர்ந்தார். அங்கே காத்திருந்தது வரவேற்பன்று. சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே நடந்த அலுவலகக் கடிதப் போக்குவரத்திலே குழப்பம் நேர்ந்து, கேம்பிரிட்ஜிற் சேர்வதற்கு இடமில்லை என்ற நிலை உண்டாயிருந்தது. விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்ட கையோடு வந்தவர், விண்ணப்பத்தின் முடிவை அறியாமல் அந்நகரிலே தவித்தார். பௌலரோ விடுமுறையில் வேற்றூர் சென்றிருந்தார். கடிதம் அவரை எட்டி, அவர் தலையிட்ட பின்னரே திரித்துவக் கல்லூரியின் கதவு திறந்தது. முன்பு அச்சேறிய அந்தக் கட்டுரை இல்லையாயின், யார் இவருக்காகப் பேசியிருப்பர்?

கப்பலிற் பிறந்த கணக்கும் உடனே ஏற்கப்படவில்லை. இங்கிலாந்தில் ஐயத்தோடு நோக்கப்பட்ட அக்கட்டுரை 1931இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே தாயார் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

1933இல் திரித்துவக் கல்லூரி அவரைத் தன் ஆய்வுறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. இராமானுஜனுக்குப் பின்னர் அப்பதவி பெற்ற இந்தியர் இவரே. நோபெல் பரிசு 1983இற்றான் வந்தது. கப்பற் பிரயாணத்துக்கும் அதற்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள்.

1936இல் அவர் தாயகம் திரும்பியபோது, இராமானுஜனின் நல்ல படமொன்றைத் தேடித் தருமாறு பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகரர் சென்னையில் இராமானுஜனின் மனைவியார் ஜானகி அம்மாளைக் கண்டார். 1919இல் இங்கிலாந்திலிருந்து வீடு திரும்புவதற்கெனப் பெற்ற கடவுச்சீட்டு அவ்வம்மையாரிடம் இருந்தது. அதில் ஒட்டியிருந்த சிறிய படமே இன்று உலகமெங்கும் இராமானுஜனின் முகமாக அறியப்படுவது.